வேரியஸ், செவரல், டைவர்ஸ், சன்ட்ரி: எல்லாவற்றுக்கும் 'பல' என்று எழுதினால் போதுமா?

மாலைநேரப்படிப்பு

எல்லோருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கு ஓரளவு வருகிறது, ஆங்கிலம்தான் இழுக்கிறது. கோச்சிங் சென்டரில் கொடுத்த சொற்பட்டியலில் வேரியஸ், செவரல், டிஃபரன்ட், டைவர்ஸ், டிஸ்டிங்க்ட், டிஸ்பரேட், சன்ட்ரி, மிசலேனியஸ் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு, பக்கத்தில் 'பல, பலவகையான, வெவ்வேறு' என்று ஒரே வரி எழுதியிருக்கிறார்கள். சரி, எல்லாம் ஒன்றுதான் போல என்று மனப்பாடம் பண்ணிவிட்டுப் போனால், மாதிரித் தேர்வில் 'விண்ணப்பதாரர்கள் ____ பின்னணியிலிருந்து வந்திருந்தனர்' என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியம். செவரல், வேரியஸ், டைவர்ஸ், சன்ட்ரி நான்கும் கீழே இருக்கின்றன. டைவர்ஸ்தான் சரியாம். ஏன் என்று கேட்டால் 'அதுதான் பொருந்தும்' என்கிறார்கள். இவற்றுக்குள் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா, இல்லை கேள்வி எடுத்தவர் இஷ்டத்துக்கு ஒன்றை டிக் பண்ணிவிட்டாரா?

சும்மா_பார்க்க_வந்தேன்

டைவர்ஸ்தான் சரி என்று குடும்பநல நீதிமன்ற வாசலிலும் நிறையப் பேர் சொல்கிறார்கள்.

யாழ்வாசகி

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அந்த இடத்தில் வேரியஸும் சரி, டைவர்ஸும் சரி. இரண்டையும் ஒரே கேள்வியில் கொடுத்தது கேள்வி எடுத்தவரின் பிழை, உங்களுடையது இல்லை.

இனி வேறுபாடு. செவரல் என்பது எண்ணிக்கைச் சொல். இரண்டுக்கு மேல், ஆனால் 'நிறைய' என்று சொல்லுமளவுக்கு இல்லை. செவரல் புத்தகம் என்றால் அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரியும் இருக்கலாம், அதைப்பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. வேரியஸ் என்றால் எண்ணிக்கையும் உண்டு, அவை ஒன்றுபோல ஒன்று இல்லை என்ற குறிப்பும் உண்டு, ஆனால் அழுத்தம் இரண்டிலும் குறைவு. டைவர்ஸ் வந்துவிட்டால் எண்ணிக்கை பின்னுக்குப் போய்விடும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதுதான் முன்னுக்கு வரும். டிஃபரன்ட் எப்போதும் ஒரு ஒப்பீட்டைக் கேட்கும்: எதிலிருந்து? டிஸ்டிங்க்ட் என்றால் ஒன்றோடொன்று குழம்பாதபடி எல்லை தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பொருள் மிகக் கிட்டக்கிட்ட இருந்தாலும் டிஸ்டிங்க்ட் ஆக இருக்க முடியும், அதனால்தான் இரட்டையர்களைப் பற்றிக்கூட அவர்கள் டிஸ்டிங்க்ட் ஆட்கள் என்று சொல்லலாம்.

சும்மா பார்க்க வந்தவருக்கு: நீங்கள் பகிடியாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. விவாகரத்தைக் குறிக்கிற ஆங்கிலச் சொல், டைவர்ஸ் என்ற இந்தச் சொல், பாதை மாற்றிவிடும் டைவர்ஷன், மூன்றுக்கும் லத்தீனில் ஒரே அடிதான். ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போவது.

சும்மா_பார்க்க_வந்தேன்

ரோட்டில் பலகை வைத்திருப்பதும் அதே குடும்பமா! நெடுஞ்சாலைத்துறை வாழ்க.

ஈரோட்டுக்கணக்கன்

சன்ட்ரியை யாரும் தொடவில்லை. கணக்கு எழுதுகிறவன் என்கிற முறையில் அது என் பங்கு.

டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால் முதல் வேலையே சன்ட்ரி டெட்டார்ஸ் (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்), சன்ட்ரி கிரெடிட்டார்ஸ் (நாம் பணம் தர வேண்டியவர்கள்) என்ற இரண்டு குரூப்புக்குக் கீழே பார்ட்டிகளைப் போடுவதுதான். அகராதியில் சன்ட்ரிக்கு 'சில்லறை, பலதரப்பட்ட' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஜவுளிக்காரர் என்னிடம் கோபமாகக் கேட்டார், 'என் சரக்கில் பாதியை வாங்குகிற பார்ட்டியை எதற்குய்யா சில்லறையில் சேர்த்திருக்கிறாய்?' என்று. கேள்வி நியாயம்தான். பழைய ஆங்கிலத்தில் சன்ட்ரி என்றால் 'தனித்தனியான' என்று பொருள், உடைத்துப் பிரிப்பதைச் சொல்லும் சன்டர், அசன்டர் இரண்டும் அதன் உறவுக்காரச் சொற்கள். பேரேட்டில் தனக்கென்று பக்கம் இல்லாத, எப்போதாவது வந்துபோகிற ஆட்களை ஒன்றாகத் தொகுத்து எழுத அந்தத் தலைப்பு இருந்தது. பிறகு கடனுக்கு வாங்குகிற எல்லோருமே அதற்குள் வந்துவிட்டார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பில் 2011இல் வந்த திருத்தப்பட்ட ஆறாம் அட்டவணையோடு சன்ட்ரி டெட்டார்ஸ் போய் 'டிரேட் ரிசீவபிள்ஸ்' (வியாபாரத்தில் வர வேண்டிய தொகை) வந்துவிட்டது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் அதுதான். ஆனால் டேலியில் இன்றைக்கும் சன்ட்ரிதான். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் சேர்ந்த பிறகு பேலன்ஸ் ஷீட் பார்க்கும்போது உதவும்.

பனிக்காட்டுத்தமிழன்

ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் எக்ஸ்ட்ராஸுக்கு சன்ட்ரீஸ் என்றுதான் பெயர். வைடு, நோபால், பை, லெக்பை எல்லாம் எந்த பேட்ஸ்மேன் கணக்கிலும் சேராத ரன்கள். கணக்கன் அண்ணா சொன்ன 'தனக்கென்று பக்கம் இல்லாத ஆட்கள்' அங்கேயும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

கோர்ட்டுவாசல்

மதுரையில் வக்கீல் தொழில். தொழில் இடையூறால் தாமதமாக வருகிறேன். எல்லோரும் வார்த்தை அழகைப் பற்றிப் பேசுகிறீர்கள், யாழ்வாசகி மேடம் சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம், ஆனால் 'செவரல் எண்ணிக்கைச் சொல்' என்பதோடு நிறுத்தினால் ஆபத்து. சட்டப் பத்திரத்தில் செவரல் என்றால் 'சில' இல்லை, 'தனித்தனியாக'. செப்பரேட் என்ற சொல் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இதுவும் வந்தது. 'சில' என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள். நாம் பள்ளியில் படித்தது அந்தப் பின்னால் வந்ததை மட்டும்.

வங்கிக் கடன் பத்திரத்தில், ஜாமீன் பத்திரத்தில் எல்லாம் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருக்கும். தமிழ்ப் பத்திரத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று எழுதுவோம். மூன்று பேர் சேர்ந்து 9 லட்சத்துக்கு ஜாமீன் போட்டால், சராசரி ஆள் மனதில் ஓடுவது 'எனக்கு 3 லட்சம் பொறுப்பு' என்று. அப்படி இல்லை. மூன்று பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழு 9 லட்சத்தையும் கேட்கலாம். யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதோ, யாருக்கு வீடு இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள், அதில் சட்டப்படி தவறும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 43 கூட்டாக வாக்குறுதி கொடுத்தவர்களைப் பற்றியது: வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அவர்களில் எவரையும் முழுவதையும் நிறைவேற்றச் சொல்லலாம். பிரிவு 128 ஜாமீன்தாரர் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது, பத்திரத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்.

இங்கிலாந்து வழக்கப்படி வெறும் 'செவரல்' மட்டும் எழுதியிருந்தால் கதை தலைகீழ்: அவரவர் பங்குக்கு அவரவர் மட்டும். ஆக, 'ஜாயின்ட் அண்ட்' என்ற இரண்டு சொல் முன்னால் இருக்கிறதா இல்லையா என்பதில் உங்கள் 6 லட்சம் ஆடுகிறது.

ஈரோட்டுக்கணக்கன்

சார் சொன்னது அப்படியே எங்கள் வீட்டில் நடந்தது. என் மாமா உட்பட மூன்று பேர் ஒரு நண்பருக்கு ஜாமீன். நண்பர் தொழில் படுத்துவிட்டது. ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவர் பெயரில் எதுவுமே இல்லை, மாமா அரசுப் பள்ளி ஆசிரியர். நோட்டீஸ் யாருக்கு வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. வங்கி மேலாளர் அமைதியாக அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லையும் அடிக்கோடிட்டுக் காட்டினாராம். மாமா அதை 'நாங்கள் பலர் சேர்ந்து' என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனது வரவில்லை, செவரல் என்றால் பல என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நம் பாடப்புத்தகங்கள்தானே.

அப்புறம் வங்கிக் கணக்கை இயக்கும் விதத்திலும் இது வருகிறது. பங்குதாரர் கணக்கில் 'ஜாயின்ட்லி' என்று டிக் போட்டால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். 'செவரலி' என்றால் யாராவது ஒருவர் போட்டால் போதும். அங்கே இது வசதி, ஜாமீனில் அதுவே தலைவலி.

மாலைநேரப்படிப்பு

இதை எங்கள் சென்டரில் யாருமே சொல்லவில்லை! அப்படியென்றால் அமெரிக்க அரசியலமைப்பில் 'த செவரல் ஸ்டேட்ஸ்' என்று வருவதும் 'சில மாநிலங்கள்' இல்லையா? பொது அறிவு நோட்ஸில் பார்த்த ஞாபகம்.

பனிக்காட்டுத்தமிழன்

இல்லவே இல்லை. கீழவை உறுப்பினர்களை 'செவரல் ஸ்டேட்ஸ்' மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று வருகிறது, அது 'தனித்தனி மாநிலங்கள் ஒவ்வொன்றின்' மக்கள். சில மாநிலங்களுக்கு மட்டும் ஓட்டு என்று படித்தால் சிரிப்புதான் வரும்.

ஆனால் இந்தச் சொல் அமெரிக்காவில் செய்த பெரிய வேலை வேறு. 1887 பிப்ரவரியில் டாஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் முழுப் பெயரிலேயே நம் இழையின் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன: 'வேரியஸ்' ஒதுக்கீட்டுப் பகுதிகளில் இருக்கும் செவ்விந்தியர்களுக்கு நிலத்தை 'செவரல்டி' முறையில் பிரித்துக் கொடுக்கும் சட்டம். வேரியஸ் அங்கே நாம் படித்த 'பல' தான். செவரல்டி என்றால் தனியுடைமை, ஆளாளுக்கு ஒரு பட்டா. அதுவரை குலம் முழுக்கச் சேர்ந்து வைத்திருந்த நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பிரித்தார்கள். பிரித்தது போக மிஞ்சியது 'உபரி' என்று வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குப் போனது. பிரித்துக் கொடுத்ததும் காலப்போக்கில் வரி கட்ட முடியாமலும், விற்க வைக்கப்பட்டும் கைமாறியது. 1887இல் ஏறத்தாழ 13.8 கோடி ஏக்கர் பழங்குடிகள் கையில் இருந்தது, 1934இல் இந்தக் கொள்கையை நிறுத்தியபோது 4.8 கோடி ஏக்கர்.

நான் இருக்கிற அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் ஒயிட் எர்த் என்ற ஒதுக்கீட்டுப் பகுதி இருக்கிறது. அங்கேயும் இதே கதைதான், பகுதி என்று பெயர் இருக்கும், உள்ளே நிலம் பெரும்பாலும் மற்றவர்கள் கையில். இந்தக் கதை தெரிந்தவர்களிடம் போய் செவரல்டி என்பது ஏதோ அகராதிச் சொல் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோர்ட்டுவாசல்

அருமையான உதாரணம் தம்பி. நம் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் 'தனித்த அனுபவம்' என்று ஒரு சொற்றொடர் வருமே, கருத்து அதுதான்.

மிசலேனியஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கலப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, 'இதர' என்று தமிழில் போடுவோம், கேட்டால் உதிரி மாதிரி இருக்கும். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாகன விபத்து இழப்பீட்டு மேல்முறையீடுகள் எல்லாம் சி.எம்.ஏ. என்ற எண்ணில்தான் பதிவாகும், சிவில் மிசலேனியஸ் அப்பீல். மகனைப் பறிகொடுத்த தாய் 'இது என்ன சார் இதர வழக்கு என்று போட்டிருக்கிறது' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சாதாரண சிவில் வழக்கின் தீர்ப்பாணையை எதிர்த்து வருகிற முதல் மேல்முறையீடு ஒரு வகை, அந்த வகைக்குள் வராத மற்ற மேல்முறையீடுகள் இந்தத் தலைப்புக்குள். சொல் அளவைச் சொல்லவில்லை, 'வேறு தலைப்பு இல்லை' என்பதை மட்டும் சொல்கிறது.

சும்மா_பார்க்க_வந்தேன்

என் சட்டைப்பை முழுக்கவே சிவில் மிசலேனியஸ்தான். சரி, ஹோட்டல் போர்டில் எழுதுகிறார்களே வெரைட்டி ரைஸ், அதற்கு என்ன வழக்கு எண்?

காவிரிக்கடைமடை

வெரைட்டி ரைஸுக்கு வழக்கு இல்லை தம்பி, ஆனால் ரைஸ் வெரைட்டிக்குச் சட்டமே இருக்கிறது. வேளாண்மைத் துறையில் விதைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் சாதங்களைச் சேர்த்து வெரைட்டி ரைஸ் என்பது நம் ஊர் ஆங்கிலம். லண்டனில் கேட்டால் பொன்னியா பாஸ்மதியா என்று நெல் ரகத்தைக் கேட்கிறோம் என்று நினைப்பார்கள். அவர்கள் நினைப்பதும் தப்பில்லை.

தாவரவியலில் வெரைட்டி என்பது இனத்துக்குக் கீழே, துணையினத்துக்கும் கீழே இருக்கும் ஒரு படி. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் ஒரே இனம், பிராசிகா ஒலரேசியா, அந்த இனத்துக்குள் தனித்தனி வெரைட்டி. ஒன்றில் இலையைத் திரட்டி வளர்த்தார்கள், ஒன்றில் பூங்கொத்தை, ஒன்றில் தண்டை. பார்வைக்கு மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இனம் ஒன்று. இதற்கு நேர் எதிராக, பக்கத்துப் பக்கத்து வயலில் நிற்கும் இரண்டு நெல்லை நீங்கள் பார்த்தால் வேறுபாடே தெரியாது, அவை சட்டப்படி வேறு வெரைட்டியாக இருக்கும்.

மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததற்கு வெரைட்டி என்ற சொல் குழப்பம் தருகிறது என்று லிபர்ட்டி ஹைட் பெய்லி என்ற அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் 1923இல் 'கல்டிவார்' என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார். ஆராய்ச்சிக் கட்டுரையில் அது நிலைத்துவிட்டது. சட்டத்தில் நிலைக்கவில்லை. நம் நாட்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001, வெரைட்டி என்றுதான் சொல்கிறது. ஒரு ரகத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் டி.யு.எஸ். சோதனை: டிஸ்டிங்க்ட் (தனித்துத் தெரிவது), யூனிஃபார்ம் (ஒரே சீராக இருப்பது), ஸ்டேபிள் (தலைமுறை மாறினாலும் பண்பு மாறாதது). யாழ்வாசகி அம்மா சொன்ன அந்த 'எல்லை தெளிவாக இருப்பது' இங்கே வயலில் அளந்து பார்க்கிற விஷயம். இலையுறை நிறம், பூக்கும் நாள், கதிர் நீளம், நெல்மணியில் மீசை உண்டா இல்லையா என்று வரிசையாகக் குறிப்போம். ஏற்கெனவே தெரிந்த எந்த ரகத்திலிருந்தும் குறைந்தது ஒரு முக்கியப் பண்பிலாவது தெளிவாக வேறுபட வேண்டும். டைவர்ஸ் ஆக இருக்கத் தேவையில்லை. உண்மையில் உள்ளுக்குள் டைவர்ஸ் ஆக இருந்தால் பதிவே கிடைப்பது சிரமம், ஏனென்றால் யூனிஃபார்ம் என்ற இரண்டாவது நிபந்தனையில் விழுந்துவிடும். பழைய நாட்டு நெல்லில் ஒரே வயலில் உயரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது அதன் பலம், சோதனையில் அதுவே குறை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு 39. உழவர் தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பிராண்டு போட்ட பொட்டலமாக மட்டும் விற்கக் கூடாது.

சும்மா_பார்க்க_வந்தேன்

ஒரு வெரைட்டி ரைஸ் கேட்டதற்கு வயலுக்கே கூட்டிப் போய்விட்டார் ஐயா. சந்தோஷம்தான்.

ஈரோட்டுக்கணக்கன்

ஐயா, விதைக் கடையில் 'ரகமா, ஹைப்ரிடா' என்று கேட்கிறார்களே, ஹைப்ரிட் வெரைட்டி இல்லையா?

காவிரிக்கடைமடை

கடைப் பேச்சில் இல்லை, சட்டத்தில் ஆம். கடையில் ரகம் என்றால் அறுத்ததில் எடுத்து அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். வீரிய ஒட்டு, அதாவது ஹைப்ரிட், என்றால் அடுத்த தலைமுறையில் பண்புகள் சிதறிவிடும், மறுபடி வாங்கத்தான் வேண்டும். உழவருக்கு முக்கியமான கேள்வி அதுதான், அதனால் அவர்கள் பேச்சு அப்படிப் பிரிந்தது. பதிவுக்கு வரும்போது இரண்டும் வெரைட்டி என்ற தலைப்பில்தான் வரும். என் கருத்தில் உழவர் பேச்சுதான் துல்லியம்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. 1859இல் டார்வின் எழுதியதில் இனம், வெரைட்டி என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவே உறுதியான கோடு எதுவும் இல்லை, வெரைட்டி என்பது உருவாகிக்கொண்டிருக்கும் இனம் என்று வாதாடினார். அன்றைக்கு மதவாதிகளை உலுக்கியதில் இந்தக் கோடு அழிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

யாழ்வாசகி

ஐயாவின் பதிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நூல்கோல் உதாரணத்தை ஒருத்தரும் மறக்க மாட்டினம்.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, அதைப் பனிக்காட்டுத்தமிழன்தான் தீர்க்க வேணும். அண்மைக்காலமாக அமெரிக்க எழுத்தில் 'எ டைவர்ஸ் கேண்டிடேட்' என்று ஒரு தனி ஆளைச் சொல்கிறார்கள். ஒரு ஆள் எப்படி டைவர்ஸ் ஆக இருக்க முடியும்? ஒரு கூட்டம்தான் இருக்கலாம். எனக்கு இதை ஏற்க ஏலாது.

பனிக்காட்டுத்தமிழன்

அக்கா, இலக்கணப்படி உங்கள் பக்கம் நியாயம். ஆனால் அந்தப் பயன்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும். 1978இல் பாக்கி என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. அப்படி எண் வைத்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பு. ஆனால் நீதிபதி லூயிஸ் பவல், மாணவர் கூட்டம் டைவர்ஸ் ஆக இருப்பது கல்விக்கு நல்லது, அதற்காக இனத்தையும் ஒரு அம்சமாகக் கருதலாம் என்று எழுதினார். அன்றிலிருந்து 'பழைய அநீதிக்குப் பரிகாரம்' என்று வாதாட வழி குறுகி, 'டைவர்சிட்டி' என்று சொன்னால்தான் கோர்ட்டில் நிற்கும் என்றாகிவிட்டது. பல்கலைக்கழகமும் கம்பெனியும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டன. ஒதுக்கீடு, பரிகாரம், கறுப்பினத்தவர் என்று சொல்ல முடியாத இடங்களிலெல்லாம் டைவர்ஸ் வந்து உட்கார்ந்தது. தனி ஆளுக்கும் அது அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சொல் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்க வக்கீலிடம் 'டைவர்சிட்டி கேஸ்' என்றால் இனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்துக்காரர்கள், தொகை 75,000 டாலருக்கு மேல், அதனால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அர்த்தம்.

யாழ்வாசகி

வரலாறு விளங்குது. இருந்தாலும் என் வகுப்பில் ஒரு ஆளை டைவர்ஸ் என்று எழுதினால் சிவப்புக் கோடுதான். சொல்ல வெட்கப்படுகிற ஒன்றை மறைக்க இன்னொரு சொல்லை அதன் தலையில் கவிழ்ப்பது நல்ல பழக்கமில்லை.

ஈரோட்டுக்கணக்கன்

நான் அக்கா பக்கம். பனிக்காட்டார் சொன்ன காரணம் புரிகிறது, காரணம் இருந்தால் சரியாகிவிடுமா என்ன.

மாலைநேரப்படிப்பு

சண்டை நடுவில் ஒரு தேர்வுக் கேள்வி. டிஃபரன்ட்டுக்குப் பிறகு ஃப்ரம், டூ, தேன் மூன்றில் எது?

யாழ்வாசகி

தேர்வில் ஃப்ரம் போடுங்கோ, எந்த நாட்டிலும் யாரும் பிழை என்று சொல்ல மாட்டினம். பிரித்தானியப் பேச்சில் டூ 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அதைத் தவறென்று சொல்வது வெறும் மூடநம்பிக்கை என்று ஃபவுலர் தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் 1926இலேயே எழுதிவிட்டார். இங்கே எங்கள் பழைய ஆசிரியர்கள் ஃபவுலரைக் கும்பிட்டுக்கொண்டே டூ போட்டவர்களுக்கு மதிப்பெண் வெட்டினவை.

பனிக்காட்டுத்தமிழன்

இங்கே அமெரிக்காவில் 'டிஃபரன்ட் தேன்' சர்வ சாதாரணம். பின்னால் முழு வாக்கியம் வரும்போது அது வசதியும்கூட. 1997இல் ஆப்பிள் விளம்பரத்தில் 'திங்க் டிஃபரன்ட்' என்று போட்டபோது 'டிஃபரன்ட்லி' என்ற வினையடை வடிவம் எங்கே என்று ஆசிரியர்கள் சண்டைக்கே வந்தார்கள். 'வித்தியாசமாக' யோசி என்பது இல்லை, 'வித்தியாசத்தை' யோசி என்பது போல எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சமாதானம்.

இந்த ஊரில் இன்னொரு பயன்பாடும் உண்டு. நீங்கள் சமைத்துக் கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் புன்னகையோடு 'தட்ஸ் டிஃபரன்ட்' என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி கொண்டுபோகாதீர்கள்.

சும்மா_பார்க்க_வந்தேன்

நம் ஊரில் 'படம் வித்தியாசமா இருக்கு' என்று சொல்வதும் அதேதான். தயாரிப்பாளர் அன்றைக்கே கடனைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாம்.

ஐயா, 'ஃபராகோ' என்ற சொல் மிச்சம் இருக்கிறதே. 2017இல் சசி தரூர் ட்விட்டரில் போட்டதும் நாடே அகராதியைத் திறந்ததே.

காவிரிக்கடைமடை

அதுவும் என் துறைதான்! ஃபராகோ என்றால் லத்தீனில் மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். கலவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நிறையத் தீவனத்தொட்டியிலும் அடுப்படியிலும் பிறந்தவைதான். ஹாட்ச்பாட்ச், ஹாட்ஜ்பாட்ஜ் இரண்டும் பிரெஞ்சுக்காரர் ஒரே சட்டியில் போட்டுக் குலுக்கிய கறி. பாட்பூரி என்றால் நேர்ப் பொருள் அழுகிய சட்டி, இன்றைக்கு அதை வாசனைப் பூவிதழ்க் கிண்ணத்துக்குப் பெயராக வைத்து விற்கிறார்கள்.

கோர்ட்டுவாசல்

ஹாட்ச்பாட் எங்கள் பக்கமும் உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை மறுபடி பொதுச் சட்டியில் சேர்த்துக் கணக்கிட்டுப் பங்கு பிரிப்பது இங்கிலாந்துச் சட்டத்தில் ஹாட்ச்பாட். உயில் இல்லாத சொத்தில் 1996 வரை அந்த முறை இருந்தது. நம் கூட்டுக்குடும்பச் சட்டத்திலும் தனிச் சொத்தைப் பொதுச் சொத்தோடு கலந்துவிட்டார் என்று வாதாடும்போது பொதுச் சட்டியில் போட்டுவிட்டார் என்று இதே சொல்லைத் தீர்ப்புகளில் பார்க்கலாம்.

மாலைநேரப்படிப்பு

சார், தேர்வை விட்டுவிட்டுச் சொந்த விஷயம் ஒன்று கேட்கிறேன். என் அண்ணன் அவர் கூட வேலை பார்ப்பவருக்கு ஜாமீன் போடப் போகிறார், கூட இன்னொருவரும் போடுகிறார். நேற்றுப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்த 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அடித்துத் திருத்தச் சொல்ல முடியுமா? பணம் கட்ட வேண்டி வந்தால் மற்றவரிடம் பாதி வாங்க வழி உண்டா?

கோர்ட்டுவாசல்

அச்சடித்த படிவத்தை வங்கி திருத்துவது அபூர்வம்மா. ஆனால் பொறுப்புக்கு ஒரு உச்சத் தொகை குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம், சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். 'தொடர் ஜாமீன்' என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பின்னால் அதே ஆள் எடுக்கும் கடனுக்கும் அது நீளலாம். வாய்வார்த்தையாக மேலாளர் சொல்வது எதுவும் கணக்கில் வராது. கையெழுத்துப் போட்டதும் நகல் வாங்கி வையுங்கள்.

பாதி வாங்க வழி உண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 146: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கு ஏற்க வேண்டும். முழுவதையும் கட்டியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வழக்குப் போடலாம். பிரிவு 140இன்படி, கட்டி முடித்த ஜாமீன்தாரருக்குக் கடன் வாங்கியவர் மேல் வங்கிக்கு இருந்த உரிமைகள் வந்துசேரும். எல்லாம் கட்டிய பிறகு வருகிற உரிமை, அதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். மற்ற ஜாமீன்தாரருக்கு நிலையான வருமானம் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மாலைநேரப்படிப்பு

மிக்க நன்றி சார், இன்று இரவே காட்டுகிறேன். பட்டியலில் டிஸ்பரேட் மட்டும் யாரும் சொல்லவில்லை.

யாழ்வாசகி

ஒரே தட்டில் வைத்து ஒப்பிடவே ஏலாத அளவுக்கு வேறுபட்டவை. சங்கீதமும் சீமெந்து வியாபாரமும் அவருடைய ஆர்வங்கள் என்றால் அவை டிஸ்பரேட். இரண்டு மாம்பழ ரகங்களுக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

பனிக்காட்டுத்தமிழன்

அமெரிக்க வேலைவாய்ப்புச் சட்டத்தில் 'டிஸ்பரேட் இம்பாக்ட்' என்று வரும், அங்கே ஒப்பிட முடியும், ஒப்பிட்டுத்தான் நிரூபிக்கவே வேண்டும். 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கு. அந்த மின் நிறுவனம் நல்ல சம்பள வேலைகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் திறனறித் தேர்வும் கேட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் வட கரோலினாவில் பல ஆண்டுகள் பிரித்து வைக்கப்பட்ட, வசதி குறைந்த பள்ளிகளில் படித்த கறுப்பினத்தவர்களைத்தான் அது பெருமளவில் வெளியே தள்ளியது. வேலையைச் செய்ய அந்தத் தகுதி தேவை என்று நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. நோக்கம் கெட்டதா என்று பார்க்கத் தேவையில்லை, விளைவு டிஸ்பரேட் ஆக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று வழக்கைக் கேட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள்.